போட்டது போட்டபடி கிடக்கட்டும்

சனிக்கிழமை ராத்திரி 12 மணிக்கு மேல்தான் அந்தப் பச்சை கிடைத்தது. வாழைக்குருத்து விரியும்போது ஒரு இளம்பச்சை இருக்குமே, வெயில் பின்னாலிருந்து அடித்தால் பாதி மஞ்சளாகத் தெரியும், அது. மூன்று நாளாக லெமன் எல்லோவையும் தாலோ ப்ளூவையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டி, கடைசியில் துளியூண்டு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பை விட்டதும் சட்டென்று அடங்கி வந்தது. மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய பீங்கான் தட்டை ஈரத்துணி போட்டு மூடிவிட்டுப் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்து வந்தால் மேசை பளபளவென்று இருக்கிறது. பிரஷ்கள் உயரவாரியாக ஒரு டம்ளரில் நிற்கின்றன, டியூபுகள் ஷூ டப்பாவுக்குள் போயிருக்கின்றன, தட்டைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. "ஒரே குப்பையா கிடந்துது, நீ தூங்குறியேன்னு நானே எடுத்து வெச்சிட்டேன்" என்று அம்மா காபியை நீட்டினார். எப்படிக் கோபித்துக்கொள்வது? அந்தப் பச்சை அப்புறம் வரவேயில்லை. படம் இப்போது பரணில் இருக்கிறது.

அன்றைக்கு அப்புறம்தான் வேலையிடத்தைக் கலைத்துப் போடுவதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். கலைப்பதற்கு என்னய்யா முறை என்று கேட்பீர்கள். இருக்கிறது. தனி ஸ்டூடியோ எதுவும் இல்லாமல், வாடகை வீட்டில் ஹாலின் ஒரு மூலையிலோ படுக்கையறை ஜன்னலோரத்திலோ உட்கார்ந்து வரைகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தையல், களிமண், கொலாஜ் என்று வேறு வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கணக்கு

வேலைக்குப் போகிறவருக்கு வாரநாளில் மிஞ்சுவது, சாப்பாடெல்லாம் முடிந்து, ராத்திரி 9:30-லிருந்து 10:30 வரை. படத்தை நிறுத்துகிற ஈசல் சட்டத்தை விரித்து, பேப்பர் பரப்பி, டியூபுகளைத் தேடி, தண்ணீர் பிடித்து, நேற்றைய நிறத்தை மறுபடி கலக்க 20 நிமிடம். முடித்தபின் கழுவித் துடைத்து எடுத்து வைக்க இன்னொரு 20. மிச்சம் இருக்கிற 20 நிமிடத்தில் என்னத்தை வரைவது? இரண்டு நாள் முக்கி முனகிச் செய்வோம், மூன்றாம் நாள் "சனிக்கிழமை பார்த்துக்கலாம்" என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு படுத்துவிடுவோம். சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம், ஆனால் தினமும் கடை விரித்துக் கடை கட்டினால் யாருக்குத்தான் அலுக்காது?

கலைந்து கிடக்கிற மேசையில் போய் உட்கார்ந்தால் கதை வேறு. நேற்று விட்ட இடம் அப்படியே இருக்கும். எந்த பிரஷ் கடைசியாகக் கையில் இருந்தது, எந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம், எந்த நிறத்தைக் கலக்கப் போய் வேண்டாம் என்று விட்டோம் என்பதையெல்லாம் அந்த மேசையே சொல்லிவிடும். உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் பிரஷ் ஈரமாகியிருக்கும்.

ஆனால் கிடக்கிறதெல்லாம் ஒன்றல்ல. நடக்கிற வேலையின் அலங்கோலம் ஒன்று, செத்த குப்பை இன்னொன்று. இப்போது வரைகிற படத்துக்காக வெளியே வந்த எல்லாமும் முதல் வகை: நிறம் கலக்கிற தட்டான பேலட் திறந்தபடி, கிறுக்கிய தாள்கள், கிழித்து வைத்த பத்திரிகைப் படம், நிறம் தொட்டுப் பார்த்த அட்டை. வறண்டுபோன டியூப், முடி கொட்டிய பிரஷ், முந்தாநாள் காபி டம்ளர், கூரியர் பெட்டி, கரண்ட் பில் இதெல்லாம் இரண்டாவது. முதலாவதைத்தான் கிடக்கட்டும் என்கிறேன். இரண்டாவதைக் கலைஞனின் சுதந்திரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு ஆராய்ச்சியை இந்த விஷயத்தில் அடிக்கடி காட்டுவார்கள், 2013-ல் வந்தது. பிங்பாங் பந்தை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசிக்கச் சொன்னபோது, கலைந்த அறையில் உட்கார்ந்தவர்களுக்கு வித்தியாசமான யோசனைகள் வந்தனவாம். எனக்கு அதில் பெரிய பிடிப்பில்லை. பந்துக்கு யோசனை சொல்வதும் ஒரு கேன்வாஸோடு மூன்று மாதம் குடும்பம் நடத்துவதும் ஒன்றா என்ன.

எல்லை போடுங்கள்

அலங்கோலத்துக்கு ஒரு நாடு கொடுத்து, எல்லைக் கோடும் போட்டுவிட வேண்டும். என்னுடையது ஹால் மூலையில் 4 அடிக்கு 6 அடி. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறேன். டேப்புக்கு அந்தப் பக்கம் என்ன வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் கிடக்கலாம், இந்தப் பக்கம் ஒரு பென்சில் சீவல்கூட வரக்கூடாது. இது வீட்டுக்காரர்களுக்காகப் போட்ட கோடு என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். போகப்போக எனக்கே உதவுகிறது. வேண்டிய பொருள் எதுவும் அந்த 24 சதுர அடியைத் தாண்டிப் போயிருக்காது, தேடினால் கிடைத்துவிடும்.

தரைக்கு விரிக்க நான் பார்த்ததில் சிறந்தது பழைய ஃப்ளெக்ஸ் பேனர். திருவிழாவுக்கோ பிறந்தநாளுக்கோ கட்டியதை இறக்கும்போது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தண்ணீரும் எண்ணெயும் கீழே இறங்காது. அச்சடித்த பக்கத்தைக் கீழே போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் கும்பிட்டபடி உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார், வேலை ஓடாது. ஈரமானால் வழுக்கும், அதனால் மேலே ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். மொசைக் தரை வீடாக இருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். நிறம் இறங்கிவிட்டால் வீட்டை காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

அங்கே போட்டுக்கொள்ள ஒரு தனிச் செருப்பு வேண்டும். இது யாரும் சொல்லித் தராத விஷயம். காலில் ஒட்டிய ஒரு சொட்டு நீலம் சமையலறை, பாத்ரூம், பூஜை அறை என்று எல்லா இடத்துக்கும் நடந்து போய்விட்டு வரும். எங்கள் வீட்டில் போயிருக்கிறது. பூஜை அறை வாசலில் அது இன்னும் இருக்கிறது.

மூலையே இல்லாத வீடு என்றால்? தச்சரிடம் 2 அடிக்கு 3 அடி ப்ளைவுட் துண்டு ஒன்றை வாங்கி, நாலு பக்கமும் 1 அங்குல உயரத்துக்கு ரீப்பர் அடித்துத் தரச் சொல்லுங்கள். பெரிய தாம்பாளம் மாதிரி ஒரு பலகை. அதன் மேல்தான் எல்லாமே. வேலை முடிந்ததும் எதையும் எடுத்து வைக்காமல், பலகையை அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். மறுநாள் இழுத்தால் நேற்றைய களேபரம் ஒரு மயிரிழை நகராமல் திரும்பி வரும். முதலில் கட்டிலுக்கடியில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். நான் அளக்காமல் பாட்டில் உயரத்துக்கு வைத்துத் தள்ளி, டர்பெண்டைனைக் கவிழ்த்தவன்.

தாள்களை மட்டும் தரையில் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் தரையிலிருக்கிற தாள் ஈரம் வாங்கிப் பூஞ்சை பூத்துவிடும், கரையான் இருக்கிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். சுவரில் ஒரு தெர்மாகோல் ஷீட்டை பழைய வேட்டி சுற்றி மாட்டிவிட்டால், எல்லாவற்றையும் குண்டூசியால் குத்திக்கொண்டே போகலாம். ஒன்றின் மேல் ஒன்றாக, கோணல்மாணலாக, எப்படி வேண்டுமானாலும். கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதைத் திறந்து போடலாம்

மேசை கலைந்திருக்கலாம், பொருள் கெடக்கூடாது. டியூப் மூடி, பிரஷ் முடி இந்த இரண்டிலும் மட்டும் நான் கறார்.

தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக் பெயிண்டுக்கு நம் ஊர் வெயில் எதிரி. மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே பேலட்டில் பிதுக்கி வைத்தால், ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் மேலே தோல் கட்டியிருக்கும். இதற்கு ஈரப் பேலட் செய்துகொள்ளுங்கள், காசே ஆகாது. மூடி இறுக்கமாக உட்காருகிற ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அடியில் நன்றாக நனைத்த டிஷ்யூ பேப்பரோ ஸ்பாஞ்சோ, அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் நிறம். கீழேயிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் நாலைந்து நாள் தாராளமாக வரும். ஒரு வாரம் தாண்டினால் வாடை அடிக்க ஆரம்பிக்கும், அப்போது தண்ணீரை மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நாள் வரும்தான், ஆனால் வேண்டாம், யாராவது ஒருநாள் சட்னி என்று வெளியே எடுப்பார்கள்.

ஆயில் பெயிண்டில் இந்த அவசரமே இல்லை. அது ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை, எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக் கெட்டியாகிறது, அதற்கு நாள் பிடிக்கும். பேலட்டைக் கிளிங் ராப்பால் மூடிப் போட்டால் மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலை செய்யலாம். நிறத்துக்கு நிறம் மாறும்: பர்ன்ட் அம்பர் சீக்கிரம் இறுகிவிடும், அதில் இருக்கிற மாங்கனீஸ் காய்வதை வேகப்படுத்துகிறது, டைட்டானியம் வெள்ளை நிதானமாகத்தான் காயும்.

பிரஷ்ஷைத் தலைகீழாகத் தண்ணீர் டம்ளரில் நிறுத்திவிட்டுப் போவதுதான் எல்லோரும் செய்கிற பாவம். முடி ஒரு பக்கமாக வளைந்துவிடும், தகரப் பூணுக்குள் தண்ணீர் இறங்கிக் கட்டை ஊதி, கைப்பிடியின் மேல்பூச்சு உரிய ஆரம்பிக்கும். அலசிவிட்டுப் படுக்கப் போடுங்கள். எங்கே படுக்கப் போட்டாலும் சரி, அது உங்கள் இஷ்டம். அக்ரிலிக் காய்ந்து பிரஷ் குச்சியாகிவிட்டால் உடனே தூக்கிப் போடாதீர்கள். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த ஹேண்ட் சானிட்டைசர் வீட்டில் எங்காவது கிடக்கும். அதிலிருக்கிற ஆல்கஹால் காய்ந்த அக்ரிலிக்கை இளக்கும். அதில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். புதுசு மாதிரி ஆகாது, கரடுமுரடான இலை, மரப்பட்டை போடுவதற்கு உபயோகமாகும்.

அப்புறம், நிறம் கலந்ததும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதி, அதன் மேலேயே ஒரு தொடு வைத்து, பேலட் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, வெள்ளை கொஞ்சம், அந்த அளவுக்கு எழுதினால் போதும். வாழைக்குருத்துக்கு நான் இதைச் செய்யவில்லை. எழுந்து போகும் முன் மேசையை போனில் ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். யார் வந்து என்ன எடுத்து வைத்தாலும் எது எங்கே இருந்தது என்று தெரியும்.

லண்டனில் ஒரு அறை

ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் ஸ்டூடியோ போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் தேடிப் பாருங்கள், அதற்கு அப்புறம் உங்கள் மேசை கோயில் மாதிரி தெரியும். லண்டன் சவுத் கென்சிங்டனில் 7 ரீஸ் மியூஸ் என்ற முகவரியில், செங்குத்தான ஒரு படியேறிப் போகிற சின்ன அறை. 1961-லிருந்து 1992-ல் சாகும்வரை அங்கேதான் வரைந்தார். தரையே தெரியாது. கிழிந்த புத்தகங்கள், மிதிபட்ட போட்டோக்கள், காலி டப்பாக்கள், துணிகள் எல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். தனியாகப் பேலட் வைத்துக்கொள்ளாமல் சுவரிலும் கதவிலுமே நிறத்தைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார், அதனால் கதவே ஒரு ஓவியம் மாதிரி இருக்கும்.

அவர் பிறந்தது டப்ளினில். அங்கேயிருக்கிற ஹியூ லேன் கலைக்கூடத்துக்கு 1998-ல் இந்த அறை நன்கொடையாகக் கிடைத்தது. தொல்லியல் ஆட்களைக் கூப்பிட்டு, கீழடியில் குழி தோண்டும்போது செய்வார்களே அந்த மாதிரி, எது எதன் மேல் எந்தக் கோணத்தில் கிடந்தது என்று வரைபடம் போட்டு எடுத்தார்கள். 7,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். சுவர், கதவு, தரை, தூசி உட்பட எல்லாவற்றையும் கப்பலேற்றி, டப்ளினில் அதே மாதிரி அடுக்கி, மன்னிக்கவும், அதே மாதிரி கலைத்து, 2001-ல் திறந்தார்கள்.

இதைச் சும்மா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பேக்கன் பெரும்பாலும் ஆளை எதிரே உட்காரவைத்து வரைகிறவர் இல்லை, போட்டோவைப் பார்த்து வரைகிறவர். அந்த போட்டோக்கள் தரையில் கிடந்து மிதிபட்டு, மடங்கி, நிறம் சிந்தி, முகத்தின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்து, கண் இருக்கிற இடம் கிழிந்து போயிருக்கும். அவருடைய படங்களில் முகம் திருகிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரியும். தரையில் கிடந்ததெல்லாம் அவருக்குச் சரக்கு. கார்பெட்டெல்லாம் போட்டு அழகு பண்ணி வைத்த இன்னொரு ஸ்டூடியோவும் அவருக்கு இருந்தது, அங்கே அவருக்கு வேலை ஓடவில்லை. அதே ரீஸ் மியூஸ் அறையிலிருந்து கத்தியால் கிழித்த கேன்வாஸ்கள் 100 எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குப்பையை வைத்துக்கொண்டார், பிடிக்காத படத்தை வைத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் 1947-ஆம் வருஷத்துப் படம் ஒன்று, 'ஃபுல் ஃபேதம் ஃபைவ்', நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் பெயிண்டுக்குள் ஆணி, பொத்தான், சாவி, காசு, சிகரெட், தீக்குச்சி எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கோடும் கட்டமுமாக வரைந்த ஓவியர் மோன்ட்ரியான், பாரிஸில் இருந்த ஸ்டூடியோவில் வெள்ளைச் சுவரில் நிற அட்டைகளை அளந்து ஒட்டி, அறையையே தன் படம் மாதிரி வைத்திருந்தார். அவருக்கு அது ஓடியது. அதனால் ஒழுங்காக வைத்திருக்கிற நண்பரைப் போய் "நீயெல்லாம் கலைஞனா" என்று கேட்டுவிட்டு, இந்தக் கட்டுரையைக் காட்டாதீர்கள்.

கிடப்பதிலிருந்து எடுப்பது

பிரஷ்ஷைத் துடைக்கிற தாள் இருக்கிறதே, அதைக் கசக்கிப் போடாதீர்கள். கெட்டியான தாளாக, பழைய காலண்டர் பின்பக்கம் மாதிரி, ஒன்றை வலதுகைப் பக்கம் நிரந்தரமாக வைத்து அதிலேயே துடையுங்கள், தொட்டுப் பாருங்கள், மிச்சத்தைத் தீட்டுங்கள். பத்து நாளில் அது நிறைந்துவிடும். அப்புறம் ஒரு அட்டையில் 3 அங்குலச் சதுரமாக ஜன்னல் வெட்டி, அந்தத் தாளின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. திடீரென்று ஒரு இடத்தில், நீங்கள் யோசித்துச் செய்திருக்கவே முடியாத ஒரு நிறச்சேர்க்கை நிற்கும். பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, தெர்மாகோலில் குத்துங்கள். எனக்கு உருப்படியாக வந்த மூன்று நான்கு படங்கள் இப்படித்தான் துடைத்த தாளிலிருந்து தொடங்கின. கேன்வாஸில் நாம் பயந்து பயந்து வைக்கிறோம், துடைக்கும்போது கை பயப்படுவதில்லை, வித்தியாசம் அதுதான்.

இன்னொன்று, வேலையை முடிக்காமல் எழுந்திருங்கள். அதாவது நாளைக்கு முதலில் தொடவேண்டிய நிறத்தைக் கலந்து வைத்துவிட்டு, பிரஷ்ஷை அதன் பக்கத்தில் போட்டுவிட்டுப் போங்கள். வெற்றுக் கேன்வாஸைப் பார்த்து முழிக்கிற வேலை மிச்சம்.

சம்பந்தமில்லாத இரண்டு பொருள் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுவதற்கும் இடம் கொடுங்கள். மளிகைச் சீட்டின் மேல் சிந்திய கரித்தூள், மாத்திரை அட்டையின் வெள்ளி. அலமாரிக்குள் வகைவகையாகப் பிரித்து வைத்தால் இவை ஒன்றையொன்று பார்க்கவே போவதில்லை.

இதில் மட்டும் விளையாட வேண்டாம்

ஆயில் பெயிண்ட் துடைத்த துணி. இதைக் கவனமாகப் படியுங்கள். ஆயில் பெயிண்டில் இருக்கிற எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், ஆக்சிஜனை உறிஞ்சிக் காய்கிறது என்று மேலே சொன்னேன் இல்லையா, அப்போது சூடு வெளியாகும். துணி விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். நாலைந்து துணியைக் கசக்கிப் பந்தாக ஒரு மூலையில் போட்டால் சூடு உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போய், நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். பயமுறுத்தவில்லை, மரச் சாமான்களுக்கு எண்ணெய் பாலிஷ் போடுகிறவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வொரு துணியாகப் பிரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய, மூடி போட்ட தகர டப்பாவில் முக்கி வையுங்கள். அலங்கோலத்தின் ரசிகன் நான், இந்தத் துணி விஷயத்தில் மட்டும் ராணுவம்.

டர்பெண்டைன் பாட்டில் திறந்து கிடக்கக் கூடாது, ஜன்னல் மூடியிருக்கக் கூடாது. சாக்பீஸ் மாதிரி உதிர்கிற சாஃப்ட் பேஸ்டல் தூளை ஊதவோ துடைப்பத்தால் கூட்டவோ செய்யாதீர்கள், அத்தனையும் மூக்குக்குள்தான் போகும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காட்மியம், கோபால்ட் என்று பெயர் போட்ட நிறங்களைக் கையில் அப்பிக்கொண்டு முறுக்கு சாப்பிடாதீர்கள். அக்ரிலிக் கழுவிய தண்ணீரை அப்படியே சிங்க்கில் ஊற்றினால் அடியில் போய்ப் பிளாஸ்டிக்காகப் படிந்து குழாய் அடைக்கும், ஒரு பக்கெட்டில் ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைத் துணியில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கட்டர் பிளேடு மட்டும் எப்போதும் ஒரே இடத்தில் ஒரே டப்பாவில், குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில்.

டீ டம்ளருக்குள் பிரஷ்ஷை முக்காத ஓவியர் இல்லை. அது பரவாயில்லை. பிரஷ் கழுவிய தண்ணீரை நாம் குடிப்பதுதான் பிரச்சினை. டீயை எவர்சில்வர் டம்ளரிலும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலிலும் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டிலும் கைக்கு வித்தியாசம் தெரியும்.

வீட்டில் இருப்பவர்கள்

வாழைக்குருத்துச் சம்பவத்துக்கு அப்புறம் அம்மாவுடன் பேச்சுவார்த்தை நடந்தது. "இது வீடா சந்தையா" என்பது அவர் தரப்பு. நான் தீபாவளி முறுக்கை எடுத்தேன். முறுக்கு சுடுகிற அன்றைக்கு அடுப்படி எப்படி இருக்கும்? தரையெல்லாம் செய்தித்தாள், அதன் மேல் பிழிந்து வைத்த முறுக்கு, மாவுக் கை பட்ட டப்பாக்கள், எண்ணெய் சொட்டு, பக்கத்தில் நாழி, ஜல்லிக்கரண்டி, பாதி தின்ற ஒரு உடைசல். அந்த நேரத்தில் யாராவது உள்ளே போய் நாழியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு "குப்பையா கிடந்துது" என்று சொன்னால் என்ன ஆகும்? அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "ஆனா நான் அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் கழுவி வெச்சிடுவேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, முறுக்கு ஒருநாளில் முடிந்துவிடும், படம் முடியாது என்று சமாளித்தேன்.

கடைசியில் வந்த உடன்படிக்கை இதுதான். டேப்புக்கு அந்தப் பக்கம் துடைப்பம் வராது. பதிலுக்குச் சாப்பிட்ட பாத்திரம் எதுவும் அங்கே ராத்திரி தங்காது. விருந்தாளி வந்தால் மறைக்க, கயிற்றில் ஒரு பழைய புடவை. சனிக்கிழமை சாயங்காலம் 15 நிமிடம் நானே கூட்ட வேண்டும். உங்கள் வீட்டில் ஷரத்துகள் வேறாக இருக்கலாம், ஆனால் வாய்விட்டுப் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முணுமுணுத்துக்கொண்டே இருந்தால் இரண்டு பக்கமும் கெடுதல்.

எப்போது கூட்டுவது

படம் நடுவில் இருக்கும்போது பெரிய சுத்தம் வேண்டாம். எனக்கு ஒரு வியாதி உண்டு: படத்தில் கஷ்டமான இடம் வந்தால் திடீரென்று மேசையைத் துடைக்க ஆசை வரும், டியூபுகளை நிறவாரியாக அடுக்கத் தோன்றும். அது சுத்தமில்லை, ஓட்டம். மாறாக, குப்பை ஏறிக்கொண்டே போய் உட்கார இடமில்லாமல் வரைவதையே தள்ளிப்போட்டால் அதுவும் ஓட்டம்தான். உங்களுடையது எது என்று உங்களுக்குத் தெரியும்.

வாராந்திர 15 நிமிடத்தில் செத்ததை மட்டும் எடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். ஒரே பொருளை மூன்று தடவை தேடியிருந்தால், கத்தரிக்கோலோ ஸ்கேலோ, சுவரில் ஒரு ஆணி அடித்து அதற்கு வீடு கொடுத்துவிடுங்கள். ஒரு படம் முடிந்தபின்தான் முழுச் சுத்தம்: பேலட் சுரண்டி, தாள்களைப் பார்த்து, வேண்டியதை ஒரு கோப்பில் போட்டு, ஃப்ளெக்ஸை மொட்டை மாடியில் கழுவிக் காயப்போட்டு. வறண்ட டியூபுகளையும் முடியில்லாத பிரஷ்களையும் விட மனசு வராமல் சேர்த்து வைத்திருப்போம். அதற்குப் போகி இருக்கிறது, தூக்கிப் போடுங்கள், கொளுத்த மட்டும் செய்யாதீர்கள், பிளாஸ்டிக்கும் பெயிண்டும் எரிகிற புகை நல்லதில்லை.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் ஓவிய மூலைக்கும் உண்டு. முந்தினநாளே எல்லாவற்றையும் துடைத்து வைக்க வேண்டும், பூஜையன்று எதையும் தொடக்கூடாது, மறுநாள் விஜயதசமியன்று ஒரு கோடாவது போட வேண்டும். போன வருஷம் அம்மா ஈசலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, டியூபுகளுக்கு வரிசையாக ஒவ்வொரு பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பீங்கான் தட்டு நான் துடைக்க மறந்துபோனது, ஓரத்தில் நிறம் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்து "இது வேணுமா?" என்றார். வேணும் என்றேன். கழுவாமலே அதன் விளிம்பில் ஒரு பொட்டு வைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.